பதினைந்தாவது விண்ணப்பம்

"முடியவே முடியாது டீச்சரம்மா. எம் புள்ளையக் கம்ப்யூட்டர் குரூப்புல போடுங்க. இல்லாங்காட்டி நான் இந்த எடத்த வுட்டு எழுந்துக்கவே மாட்டேன்."

தலைமையாசிரியை அறையில், காலி நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள் முனியம்மாள். பக்கத்தில் மகன் சுபாஷ் கூச்சத்தில் நெளிந்தான்.

பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு இருநூற்று இருபத்தெட்டு வாங்கிய பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி அடம்பிடித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் தலைமையாசிரியை கனகலட்சுமிக்குப் பொறுமை அதிகம். அன்றைக்கு அவசரமும் அதிகம்.

பிளஸ் ஒன்னில் ஜெனரல் மெஷினிஸ்ட் என்று ஒரு தொழிற்பிரிவு. லேத் ஓட்டவும் இரும்பைக் கடையவும் சொல்லித் தருவார்கள். அதில் பதினைந்து பேராவது சேர வேண்டும், இல்லாவிட்டால் இந்த வருஷத்தோடு மூடிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அன்று சாயங்காலம் நாலு மணிதான் கெடு. இதுவரை சேர்ந்தது பதின்மூன்று பேர். வேறு எந்தப் பிரிவிலும் இடம் கிடைக்காத பதின்மூன்று பேர்.

"ஏம்மா, மெஷினிஸ்ட் குரூப்புன்னா உனக்கு அவ்வளவு கேவலமா?"

"கேவலந்தான். எங்க நெலத்தக் கம்பெனிக்குக் குடுத்தோம். வூட்டுக்கு ஒரு வேலைன்னாங்க. இவங்கப்பா கையில தொடப்பத்தக் குடுத்தாங்க. இப்ப இவன் கையில நீங்க ஸ்பானரக் குடுக்குறீங்க. எம் புள்ளையாச்சும் நாற்காலில குந்தணும்னு நெனைக்கிறது தப்பா?"

கனகலட்சுமி மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து முனியம்மாளின் தோளைத் தொட்டார்.

"இங்க பாரும்மா. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் கம்பெனியா வந்துக்கிட்டு இருக்கு. கம்ப்யூட்டர் குரூப் படிச்சவன் கையில பிளஸ் டூ முடிச்சா வெறும் சர்டிபிகேட்தான் இருக்கும். உன் பையன் கையில தொழில் இருக்கும். ஒரு வருஷம் அப்ரண்டிஸ், மாசாமாசம் உதவித்தொகை. மேல படிக்கணுமா? டிப்ளமோவுல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம். இதை விட நல்ல குரூப் இந்தப் பள்ளிக்கூடத்துலயே கிடையாது."

"நெசமாவா டீச்சரம்மா?"

"சத்தியமா!"

டீச்சர் வாயிலிருந்து சத்தியம் என்று வந்த பிறகு முனியம்மாள் என்ன செய்வாள்? எழுந்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

பதினாலு ஆயிற்று. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை.

"ஆண்டவா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. யாரையாவது அனுப்பு!" வாய்விட்டே வேண்டினார் கனகலட்சுமி. குமாஸ்தா பாபு சிரித்தார்.

"உள்ள வரலாமா டீச்சர்?"

வானமாமலை. நாங்குநேரிப் பக்கத்துப் பையன். சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேர் தங்கியிருக்கும் ஓர் அறையில், கம்பெனி வேலைக்குப் போகும் அண்ணனோடு ஒண்டிக்கொண்டு படித்து, நானூற்று அறுபத்து மூன்று மார்க் வாங்கியவன். பள்ளிக்கே முதலாவது.

கனகலட்சுமியின் முகம் மலர்ந்தது. "வாப்பா, வா. ஃபர்ஸ்ட் குரூப் லிஸ்ட்ல உன் பேரைத்தான் மேல எழுதி வச்சிருக்கேன்."

"இல்ல டீச்சர்." அவன் விண்ணப்பத்தை நீட்டினான்.

வாங்கிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஃபர்ஸ்ட் குரூப்பை அடித்துவிட்டு 'ஜெனரல் மெஷினிஸ்ட்' என்று எழுதியிருந்தான்.

"என்னடா இது?"

"வெளிய வரிசையில நின்னு நீங்க சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன் டீச்சர். ரெண்டு வருசத்துல கையில தொழிலு, பொறவு டிப்ளமோவும் படிக்கலாம்னா, அண்ணனுக்கும் சுமை குறையும்லா? நான் இதுலயே சேந்துக்கிடுதேன்."

"மேடம், பதினஞ்சு!" பாபு துள்ளி எழுந்தார். "வகுப்பு தப்பிச்சுது!"

கனகலட்சுமி காதில் அது விழவே இல்லை.

"கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு? நானூத்தி அறுபத்து மூணு மார்க் எடுத்துட்டு எண்ணெயிலயும் அழுக்குலயும் போய் விழறேங்கிறியே! படிப்பு ஏறாததுங்களை ஒதுக்கி வைக்கிற இடம்டா அது! நீ டாக்டராகணும், இன்ஜினீயராகணும். உன் வாழ்க்கை பாழாப் போறதை நான் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டேன்!"

விண்ணப்பத்தைச் சரக்கென்று கிழித்தார். இரண்டாக, நாலாக. கிழிக்கும்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன. நடிப்பில்லை. அந்தப் பையன் மேல் அவருக்கு உண்மையிலேயே அவ்வளவு பிரியம்.

கனகலட்சுமி புது விண்ணப்பம் ஒன்றை எடுத்து வானமாமலையிடம் நீட்டினார்.

"ஃபர்ஸ்ட் குரூப்புன்னு எழுது. எழுதுடா!"

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். முனியம்மாள் இன்னும் போகவில்லை. எதிரிலேயே நின்றிருந்தாள். சுபாஷ் தலையைக் குனிந்து தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கனகலட்சுமி கிழித்த துண்டுகளைச் சட்டென்று கையால் மறைத்தார். "இல்லம்மா... நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

முனியம்மாள் இப்போது சத்தம் போடவில்லை. அடம்பிடிக்கவும் இல்லை. மேஜை மேல் இருந்த பதினாலாவது விண்ணப்பத்தை எடுத்து, இரண்டு கையாலும் பணிவாக நீட்டினாள்.

"இதையும் கிழிச்சிடுங்க டீச்சரம்மா. நானும் புள்ளையத்தான் பெத்துகீறேன்."