உரசிய டயர்கள்

“சார், இது வண்டி கத்துக்கறவங்க ஓட்டின டயர்,” என்றார் டயர் கடைக்காரர்.

காரைக் கொண்டுவந்திருந்த அதிகாரிக்குச் சுருக்கென்றது. “இருபது வருஷமா ஓட்டறேன். அதுவும் ஞாயித்துக்கிழமை மட்டும்தான். மத்த நாளெல்லாம் ஆபீஸ் பஸ்!”

“அப்புறம் ஏன் நாலு டயரும் நடைபாதைக் கல்லுல உரசியிருக்கு? சடன் பிரேக் போட்டுப் போட்டு ரப்பரும் தேஞ்சிருக்கே!”

அவருக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. வீட்டிலிருப்பது அவரும் மனைவியும்தான். அவள் ஸ்டியரிங்கைத் தொட்டுக்கூட அவர் பார்த்ததில்லை.

“சரி, எந்த டயர் போடலாம்?” என்றார் குழப்பத்தோடு.

“ஓரம் கெட்டியா இருக்கறதா பார்த்துப் போடுங்க. உரசினாலும் தாங்கணும்,” என்றாள் கூட வந்திருந்த மனைவி.

“உனக்கென்ன தெரியும்? சும்மா இரு.”

டயர் மாற்றும் மேடையில் ஏற்றுவதற்காகக் காரைப் பின்னால் எடுத்தார். மூன்று முறை முயன்றும் கோணிக்கொண்டுதான் போனது. மனைவி அவரை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். ஒரே மூச்சில் பின்னால் எடுத்து, கோடு கிழித்தாற்போல் நிறுத்தினாள்.

கடைக்காரர் அசந்துபோனார். “கத்துக்கறது நீங்கன்னுல்ல நெனச்சேன்!”

“நான் கத்துக்கொடுக்கறவ. எங்க தெருவுல ஏழு பேருக்கு.”

“நீ... நீ எப்போ கத்துக்கிட்டே?” என்றார் அதிகாரி.

“‘இதெல்லாம் உனக்கு வராது’ன்னு சொன்னீங்களே, அதுக்கு மறுநாள்.”

சாவியை அவர் கையில் வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. ரிவர்ஸ் மட்டும் நீங்க வந்து கத்துக்கங்க.”