மச்சானுக்கு ஏற்ற துப்பாக்கி

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் தையற்காரர் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தார்.

"நல்ல ஏர் ரைஃபிள் ஒண்ணு வேணுங்க. ஞாயித்துக்கிழமை எங்க கிளப்புல குறி சுடுற போட்டி. என் மச்சான் மூக்கை உடைக்கணும்."

கடைக்காரர் சிரித்தார். "அப்படி என்னங்க செஞ்சார்?"

"அஞ்சு வருஷமா அவர்தான் ஜெயிக்கிறார். ஜெயிச்சுட்டுப் போகட்டும். 'ஊசியில நூல் கோக்கிற கைக்குத் துப்பாக்கி ஒரு கேடா'ன்னு என் பிள்ளைங்க முன்னாடியே கேக்கிறார். வயிறு எரியுதுங்க."

பாவமாக இருக்கவே, கடைக்காரர் இலேசான துப்பாக்கி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதை எடுத்துக்குங்க. எப்படிப் பிடிச்சாலும் குறி தப்பாது."

"அந்தப் பெரிய துப்பாக்கி எப்படிங்க?"

"அது ஸ்பிரிங் துப்பாக்கி. பார்க்கத்தான் ராஜா. சுடும்போது உதறும். பூவைத் தாங்குற மாதிரி தாங்கணும். இறுக்கிப் பிடிச்சா குண்டு எங்கேயோ போகும். பழகவே மாசக்கணக்காகும்."

"அதையே கொடுங்க."

"ஐயோ, வேண்டாங்க! ஞாயித்துக்கிழமை அசிங்கப்பட்டுப் போவீங்க!"

"பளபளன்னு ஒரு தாள்ல சுத்திக் கொடுங்க. நாளைக்கு மச்சானுக்குப் பிறந்தநாள். புதுசு கைக்கு வந்துட்டா மனுஷன் பழசைத் தொடவே மாட்டார்."

கடைக்காரர் விழித்தார். "அப்போ உங்களுக்கு?"

"எனக்கு வீட்டுல இருக்கிறதே போதும்" என்ற தையற்காரர், வலது கை விரல்களை மெல்ல நீவிக்கொண்டார். "மச்சான் இரும்புப் பட்டறைக்காரருங்க. அவர் ஒரு தடவை கை குலுக்கினா, ரெண்டு நாளைக்கு என்னால ஊசி பிடிக்க முடியாது."