மில்லுக்காரியின் மூக்கு

'மில்லுக்காரி என் பாதையில் சங்கிலி போட்டது செல்லுமா, செல்லாதா?'

யெர்னெய் இதை ஒற்றை விரலால் முழுசாக அடித்து, கடைசியில் கேள்விக்குறியும் வைத்து, தேடல் பொத்தானைத் தட்டினார். 'முடிவுகள் எதுவும் இல்லை' என்றது ஆவணக் காப்பகத்தின் திரை. அவர் நம்பாமல் இன்னொரு முறை தட்டினார்.

அடுத்த கணினியில் ஒரு பெண் பழைய நிலப்படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் அட்டை தொங்கியது. வாசலில் யெர்னெய்க்கும் அதே மாதிரி ஒன்று கொடுத்திருந்தார்கள். மாட்டுக்கு மணி கட்டுகிற மாதிரி இருக்கிறதென்று அவர் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்த மெஷின் எனக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேங்குது. கொஞ்சம் பாரேன்."

எட்டிப் பார்த்தவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இது வக்கீல் இல்லைங்க ஐயா, என்னென்ன ஆவணம் இருக்குன்னு சொல்ற அட்டவணை. கேள்வி கேட்டா முழிக்கும். ரெண்டு மூணு வார்த்தை போட்டாப் போதும். என்ன விஷயம்?"

விஷயம் கொட்டியது. ஆற்றோரம் அவருக்கு ஒரு புல்வெளி. அங்கே போக ஒரே வண்டிப்பாதை, அதுவும் முன்பு ஆற்றுத் தண்ணீரில் மாவரைத்த பக்கத்து மில் வீட்டு நிலத்தின் வழியாக. போன இலையுதிர் காலத்தில் மில் வீட்டுக் கிழவர் போய்ச் சேர்ந்தார். சொத்து தலைநகர் லூப்லியானாவில் இருக்கும் உறவுக்காரி ஒருத்திக்குப் போனது. வந்தவள் முதல் வேலையாகப் பாதையில் சங்கிலியை மாட்டிவிட்டாள்.

"ஜூன்ல புல்லு அறுக்கணும். டிராக்டர் போகலேன்னா அத்தனையும் அங்கயே அழுகும். அப்புறம் குளிர்காலத்துக்கு என்னத்தப் போடுறது? ரெண்டு பசுவை வித்துத்தான் ஆகணும். அந்தப் பாதை நம்மளதுதான், எழுத்துலயே இருக்குன்னு எங்கப்பா சொல்லுவார். எங்க இருக்குன்னுதான் சொல்லாமப் போயிட்டார்."

"அந்தம்மாகிட்டயே போய்ப் பேசிப் பாக்கலாமே?"

"நானா? சனிக்கிழமையானா சிவப்புக் கார்ல வந்து இறங்குவா. நான் அந்தப் பக்கம் திரும்பறதே கிடையாது. ஆனா மூக்கு நல்லா நீளமா இருக்கும்."

"பாக்காமலே சொல்றீங்க?"

"சங்கிலி போடுறவளுக்கு வேற எப்படி இருக்கும்?"

அவள் தன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை அருகே இழுத்தாள். "மில்லுக்காரின்னு தேடினா வராதுங்க. ஆவணத்துல வீட்டுப்பேரு போட மாட்டாங்க. குடும்பப்பேருதான் இருக்கும்."

"குடும்பப்பேரு யாருக்குத் தெரியும்! நாங்க மேட்டு வீடு, அவங்க மில் வீடு. எங்க ஊர்ல யார் வந்து அடுப்பு மூட்டினாலும் அன்னிக்கே அந்த வீட்டுப்பேரு ஒட்டிக்கும். செத்துப்போன கிழவனைக்கூட ஆயுசு பூரா மில்லுக்காரான்னுதான் திட்டினேன்."

"உங்க குடும்பப்பேராவது தெரியுமா?"

"கிண்டலா? ரேசார்."

அவள் அவருடைய கேள்வியை அழித்தாள். 'ரேசார் க்ளோபோச்னிக் பாதை' என்று அடித்தாள். அப்போதும் ஒன்றும் வரவில்லை.

"பாத்தியா? உனக்கும் பெப்பேன்னுடுச்சு."

"இருங்க. படம் இருக்கறதை மட்டும் காட்டுன்னு நீங்கதான் டிக் போட்டிருக்கீங்க."

"படம் இல்லாம எப்படிப் பாக்கிறது?"

"பாதிக்கு மேல இன்னும் படம் எடுக்கலைங்க, பெட்டியில தூங்குது. வருஷம் வேற 1955க்கு மேலன்னு வச்சிருக்கீங்க."

"அப்பத்தான நான் பொறந்தேன்?"

அவள் இரண்டையும் எடுத்துவிட்டாள். திரையில் ஒரே ஒரு பதிவு வந்து நின்றது. ஆண்டு 1887. யெர்னெய் வாய்விட்டுப் படித்தார்: "க்ளோபோச்னிக் மில் நிலத்தின் வழியே ரேசார் குடும்பத்துக்கு நிரந்தர வண்டிப்பாதை உரிமை..."

மேசையில் ஓங்கி ஒரு தட்டு. படிப்பறை முழுவதும் தலைகள் நிமிர்ந்தன.

"முழுசாப் படிங்க ஐயா."

"...அதற்கு ஈடாக, ஆண்டுதோறும் வசந்தத்தில் மில் வாய்க்காலை ரேசார் குடும்பம் தூர்வார வேண்டும்." யெர்னெய் மோவாயைச் சொறிந்தார். "எங்கப்பா இந்தப் பாதியைச் சொல்லவே இல்லையே!"

"மறந்திருப்பார்."

"நல்லா மறந்தார். விடு, பட்டணத்துக்காரிக்கு அங்க வாய்க்கால்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. புதர் மண்டிக் கிடக்கு. நீயும் யார்கிட்டயும் மூச்சு விடாத."

அவள் பெட்டி எண்ணை ஒரு துண்டுத்தாளில் குறித்துக் கொடுத்தாள். "இதை முன்மேசையில குடுங்க, மூலப் பத்திரத்தையே எடுத்துட்டு வருவாங்க. நகல் ரெண்டாக் கேளுங்க."

"ரெண்டாவது எதுக்கு?"

"மில்லுக்காரிக்கு ஒண்ணு வேணாமா?"

"அட, ஆமா!" யெர்னெய் எழுந்து கோட்டை உதறிக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. "அதைப் படிக்கிறப்ப அவ மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் பக்கத்துல நின்னு பாக்கணும்!"

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். நாற்காலியை அவர் பக்கமாக முழுக்கத் திருப்பி, முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். மூக்கு அப்படியொன்றும் நீளமில்லை.

"சங்கிலியை நான் கழட்டிடறேன், சனிக்கிழமை நீங்க மண்வெட்டியோட வந்துடுங்க."