மகாராணிக்கு முப்பத்தாறு

லாயத்தில் பெட்டி மறுபடியும் அலறியது. காலையிலிருந்து இது நாற்பதாவது தடவை. லாடம் என்று எல்லோரும் கூப்பிடும் குதிரைக்காரரின் கணக்கில் நாலாயிரமாவது.

சுவரில் ஒரு சென்சார், கூரையில் ஒன்று, தண்ணீர்த் தொட்டியில் ஒன்று. எல்லாவற்றுக்கும் வாய் அந்தப் பெட்டிதான்.

மகாராணி மூத்திரம் பெய்தால், 'காற்றில் நச்சு.' படுத்தால், 'குதிரை விழுந்துவிட்டது.' சுகமாகப் புரண்டால், 'வயிற்றுவலி.' தும்மினால் துக்கச் செய்தி போகாததுதான் பாக்கி.

அலறலில் மகாராணிக்குத் தூக்கிவாரிப் போடும். நெஞ்சு படபடக்கும். உடம்பைச் சுற்றிக் கட்டிய பட்டை அந்தப் படபடப்பைப் பெட்டியிடம் கோள் சொல்லும். பெட்டி இன்னும் பலமாக அலறும்.

இதை முதலாளியிடம் சொல்லிச் சொல்லி லாடத்தின் நாக்கு தேய்ந்து, அதற்கும் ஒரு லாடம் அடிக்க வேண்டிய நிலை.

முதலாளி செல்போனை நம்பினார். செல்போனில் எண்பது, சிவப்பு எழுத்தில். நல்ல குதிரைக்கு நிமிஷத்துக்கு முப்பத்தாறு துடிப்பு, மனுஷனுக்கு அதில் இரண்டு மடங்கு என்று குதிரை டாக்டரம்மா பட்டை கட்டிய முதல் நாளே சொல்லியிருந்தார்.

எண்பது துடிக்கிற குதிரை யாருக்கு வேண்டும்? ஏலத்துக்குக் கொண்டுபோக லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. டாக்டரம்மா ஏலச் சீட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

லாடத்துக்குத் தலை கிர்ரென்றது. ஒரு வாரமாகவே அப்படித்தான். வைக்கோல் கட்டைத் தூக்கினால் கண்ணில் பூச்சி பறந்தது. எல்லாம் இந்தப் பாழாய்ப்போன பெட்டி தூக்கத்தைத் தின்றதால் வந்த வினை.

விறுவிறுவென்று மகாராணியின் பட்டையை அவிழ்த்தார். சட்டையைக் கழற்றி வீசினார். அத்தனை பேர் முன்னாலும் பட்டையைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டார். இரண்டு சுற்று வந்தது.

"பாருங்க முதலாளி, கல்லுக்குண்டாட்டம் நிக்கிறேன். எனக்கும் சாவு மணி அடிக்குதா இல்லையான்னு இப்பப் பாருங்க!"

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

அது அலறவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. முப்பத்தாறு. 'குதிரை நலம்.'

லாடம் ஓடு பறக்கச் சிரித்தார். "கேட்டுக்கோங்க, நான் குதிரையாம்! இதை நம்பியா என் மகாராணியை ஏத்தப் பாத்தீங்க?"

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. லாரிக்காரரைப் போகச் சொல்லிக் கையை அசைத்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு லாடத்தின் மணிக்கட்டைப் பிடித்தார். கண் கடிகாரத்தில் இருந்தது. உதடு எண்ணிக்கொண்டிருந்தது, ஒரு முழு நிமிஷம்.

பச்சை விளக்கு நிதானமாக எரிந்தது.

"நில்லுங்க, வண்டியை அணைக்காதீங்க," என்றார் லாரிக்காரரிடம். "அண்ணே, நீங்க ஏறுங்க."