பேதி மருந்து

"வேலைதான் பெருசாப் போச்சு உங்களுக்கு, இல்ல மாமா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி மனைவி அண்ணனைப் பார்த்து இப்படிக் கேட்டாள். தம்பியின் குடலில் இருந்த கட்டி கல்லீரல் வரை பரவிவிட்டதாக டாக்டர் இப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"போன வருஷம் வந்திருந்தா, பொடிசா இருக்கும்போதே கிள்ளி எடுத்திருக்கலாம்" என்றும் சொன்னார். அதைச் சொல்லாமலே போயிருக்கலாம், மனுஷன்.

பரம்பரைக் கோளாறு. செல்கள் பெருகும்போது டி.என்.ஏ. நகலில் பிழை விழும். அதைக் கண்டுபிடித்துத் திருத்த உடம்புக்குள்ளேயே ஆள் உண்டு. இந்தக் குடும்பத்தில் அந்த ஆள் சரியில்லை. பிழை சேர்ந்து சேர்ந்து புற்றுநோயாகிவிடும். அப்பாவும் அத்தையும் அதில்தான் போனார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று தம்பி சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தான். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஊருக்கெல்லாம் ரிப்பேர் பண்றேன். எனக்குள்ள இருக்கற ரிப்பேர்காரன் லீவுலயாம்டா!"

"உனக்குமாண்ணே?" என்ற தம்பிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அதன் பிறகு வருஷா வருஷம் இருவரும் சேர்ந்தே பேதி மருந்து குடிப்பார்கள். ஒரே கழிவறைக்கு அடித்துக்கொள்வார்கள். மறுநாள் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க ஒன்றாக வருவார்கள். போன வருஷம் மட்டும் அண்ணன் லிஃப்ட் மாட்ட வெளியூர் போய்விட்டார். தம்பியும் வரவில்லை.

"மூத்தவர்தானே நீங்க? நீயாவது போடான்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"போன்ல சொன்னேம்மா."

"போன்ல!"

சக்கர நாற்காலியில் இருந்த தம்பி நிமிர்ந்தான்.

"ஒரே அப்பா. ஒரே கோளாறு. போன வருஷம் நீயும்தான் வரல. இந்தத் தடவையும் உனக்குச் சுத்தமா இருக்குன்னுட்டாங்க. என்னை மட்டும் ஏண்ணே பிடிச்சுது?"

குரலில் அப்பட்டமான பொறாமை. சாகப் போகிறவனுக்கு அதுகூடவா இருக்கக் கூடாது?

அண்ணன் அவன் தோளைத் தொடப் போனார். தம்பி கையைத் தட்டிவிட்டான். அவன் மனைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மூத்த நர்ஸ் அருகில் வந்தார்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லிடுங்க சார். எதுக்கு இத்தனை பேச்சு வாங்கறீங்க?"

"இவ்வளவு நாளும் நீ ஒண்டிதான்டான்னு இப்பப் போய் எப்படி சிஸ்டர் சொல்றது?"

"உங்க ரத்தத்துல அந்தக் கோளாறே இல்லைன்னு அன்னிக்கே சொன்னோம். எங்க ரூம்ல சும்மா படுத்து எழுந்து போறதுக்கு, வருஷா வருஷம் அந்தக் கண்றாவியை வேற ஏன் குடிச்சீங்க?"

அண்ணன் சக்கர நாற்காலி போன பக்கமே பார்த்தார்.

"தனியாக் குடின்னா அவன் குடிக்க மாட்டான் சிஸ்டர். போன வருஷம்தான் பார்த்தோமே."