மூன்றாவது குழாய்

"இது போதாது மாஸ்டர், இன்னும் உறுமணும்" என்று தம்புசாமி குனிந்த குனியில், ஜப்பானிய அதிகாரியின் பூட்ஸில் அவர் முகம் தெரிந்திருக்கும்.

தம்புசாமியின் பிரிக்பீல்ட்ஸ் பட்டறையில் நின்றது சிவப்பு நிற இரண்டு சீட்டுப் பந்தயக் கார். ஜப்பான் படை வந்தபோது சிங்கப்பூருக்கு ஓடும் அவசரத்தில் ஒரு தோட்டத் துரை விட்டுவிட்டுப் போனது. இப்போது அதிகாரி அதில் முன்னால் போவார், பின்னால் ஒரு லோரி வரும். தெருத்தெருவாகப் பிடித்து அந்த லோரியில் ஏற்றப்பட்ட ஆண்கள் சயாமில் ரயில் பாதை போடப் போனார்கள். போனவர்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பவில்லை.

"சைலன்சர் இருந்தா இஞ்சினுக்கு மூச்சு முட்டும் மாஸ்டர். அதக் கழட்டிட்டு நேர்க்குழாய் போட்டா வண்டி பறக்கும்" என்று தம்புசாமி அரைகுறை மலாயில் ஆசை காட்டினார்.

மூன்று குழாய்கள் தயாராக இருந்தன. ஒன்று ஒல்லி, ஒன்று நடுத்தரம், மூன்றாவது பழைய லோரியிலிருந்து அறுத்தெடுத்த தடியன். ஒவ்வொன்றாக மாட்டி இஞ்சினை முடுக்கியபோது, அவர் தம்பி சின்னையா மட்கார்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

முதல் இரண்டுக்கும் வேண்டாமென்று தலையை ஆட்டினான். மூன்றாவதற்குப் பட்டறைக் கூரைத் தகரமே தடதடத்தது. சின்னையா கட்டைவிரலை உயர்த்தினான்.

"பாகுஸ்! ரொம்ப நல்லாருக்கு!" என்று அதிகாரி தம்புசாமியின் முதுகில் தட்டினார். வேகம் ஒரு மைல்கூடக் கூடவில்லை. ஆனால் அவருக்குக் கூடியது போல இருந்தது, அது போதும்.

பக்கத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்கும் நல்லம்மாள் காறித் துப்பினாள். "ஊரான் வீட்டுப் புள்ளைங்கள வாரிக்கிட்டுப் போற வண்டி. அதுக்கு இவன் மேளம் கட்டிக் குடுக்குறான்! நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

தம்புசாமி முகத்தைத் துடைப்பதுபோலத் திருப்பிக்கொண்டார். சின்னையா மட்டும் அவளைப் பார்த்து எப்போதும்போலச் சிரித்தான்.

அந்த வெள்ளிக்கிழமை கார் வந்தது. அது ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே இந்தப் பக்கம் நல்லம்மாளின் கிழங்குச் சட்டி அதிர்ந்தது.

அவள் புருஷன் கொல்லைப்புறமாகக் குதித்து, ரயில்வே யார்டில் நின்ற காலி வேகன்களை நோக்கி ஓடினான். அவன் பின்னால் தெரு ஆண்கள் அத்தனை பேரும் ஓடினார்கள். தம்புசாமி சின்னையாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கடைசி வேகனுக்குள் தள்ளினார்.

அதிகாரி வந்து இறங்கியபோது தெருவில் பெண்களும் கோழிகளும் தடியூன்றிய இரண்டு கிழவர்களும்தான் இருந்தார்கள்.

மறுநாள் நல்லம்மாள் வாழை இலையில் கிழங்கோடு வந்தாள். "இந்தாங்கண்ணே. அன்னிக்கு வாய்க்கு வந்தத பேசிட்டேன்."

"பேசுறத நிறுத்திடாதீங்க. அந்த ஜப்பான்காரன் வர்றப்ப இன்னும் நல்லா ஏசுங்க. அப்பத்தான் என்னை நம்புவான்" என்றார் தம்புசாமி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணும் பெரிய தியாகி இல்ல. என் தம்பிக்காகத்தான் செஞ்சேன். அவனையும் ஏத்திட்டா எனக்கு யாரு இருக்கா?"

ஐந்து வெள்ளிக்கிழமைகள் இப்படியே போயின. பிரிக்பீல்ட்ஸில் ஆண்களே பிறப்பதில்லை என்று அதிகாரி மேலிடத்துக்கு எழுதியிருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு முட்டி வலிண்ணே. ஓடி ஒளிய இன்னும் ஒரு நிமிஷம் கெடைச்சா நல்லாருக்கும்" என்றாள் நல்லம்மாள்.

அடுத்த முறை கார் பட்டறைக்கு வந்தபோது, தம்புசாமி காற்று வடிகட்டியையும் கழற்றி, கார்புரேட்டரின் வாயில் ஒரு தகரக் கூம்பைப் பொருத்தினார். இனி இஞ்சின் மூச்சை இழுக்கும்போதும் கத்தும், விடும்போதும் கத்தும். சின்னையா கையை வைத்துப் பார்த்து, இந்தத் தடவை இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்தினான்.

அதிகாரி சொக்கிப்போனார். "நீயும் ஏறு. ஓட்டிப் பாப்போம்."

தட்ட முடியவில்லை. கிள்ளான் சாலையில் பாதி தூரம் போய்த் திரும்பினார்கள். பாலத்தடியில் லோரி காத்திருந்தது. அதிகாரி கையசைத்ததும் அது பின்னால் சேர்ந்துகொண்டது.

கார் தெருவுக்குள் நுழைந்தபோது தெரு காலியாகியிருந்தது. கதவுகள் சாத்தியிருந்தன. பட்டறையில் மட்டும் ஒருவன் சாலைக்கு முதுகைக் காட்டியபடி அரத்தால் இரும்பை ராவிக்கொண்டிருந்தான்.

"சின்னையா! ஓடுடா!" என்று கத்தினார் தம்புசாமி. காரின் உறுமலில் அந்தக் குரல் அவருக்கே எட்டவில்லை.

மேசையின் அதிர்வு கையில் ஏறியதும் சின்னையா திரும்பினான். முன் சீட்டில் அண்ணனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் கட்டைவிரலை உயர்த்தினான். அந்தக் கையைத்தான் சிப்பாய்கள் முதலில் பிடித்தார்கள்.

அதிகாரி காரை நிறுத்தி அவனை வியப்போடு பார்த்தார். "எல்லாரும் ஓடிட்டானுங்க. இவன் ஒருத்தன்தான் ஆம்பள. இந்தச் சத்தத்துக்கும் பயப்படலியே, எப்படி?"

தம்புசாமி இந்த முறை குனியவில்லை. விழுந்து அந்த பூட்ஸைக் கட்டிக்கொண்டார்.

"பொறந்ததுலேர்ந்து அவனுக்குக் காது கேக்காது, மாஸ்டர்."