நாலாம் தொட்டில்

“எங்க மார்க்கப்படி, ஒருத்தங்ககிட்ட அஞ்சு தடவை வயிறு நெறையப் பால் குடிச்சிருந்தா முடிஞ்சது மிஸ். அவங்க எனக்குப் பால்குடித் தாய். அவங்க மகன் எனக்கு அண்ணன். அப்புறம் எங்கேருந்து கல்யாணம்?” என்றாள் நஜ்வா.

மலேசியாவின் ஸ்கூடாயில், பல்கலைக்கழக மகளிர் மையத்தின் அலுவலக அறை அது. நஜ்வாவுக்கு எதிரே மையத்தின் அதிகாரி யோகேஸ்வரி. இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. பக்கத்தில், ஆறிப்போன கோப்பியோடு உதவியாளர் மீரா பீவி.

இருபத்து நாலு வருடத்துக்கு முந்தைய விஷயம். நஜ்வா பிறந்த மூன்றாம் வாரமே அவள் தாய்க்குப் பெரிய அறுவைச் சிகிச்சை. இங்கே நூலகத்தில் வேலை பார்த்த தகப்பனார், பிள்ளையை மகளிர் மையத்தின் குழந்தைக் காப்பகத்தில் விட்டார். புட்டிப்பால் ஒத்துக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த தாய்மார்களே பால் கொடுத்துக் காப்பாற்றினார்கள். யார் யாரென்று அவள் வீட்டாருக்குத் தெரியாது.

இப்போது பாசிர் கூடாங் ஊர்க்காரரான சயீதோடு நிக்கா நிச்சயமாகிவிட்டது. நேற்றுத்தான் சயீதின் தாயார் வாய் திறந்திருக்கிறார். அவர் அப்போது இங்கே குமாஸ்தா. சயீதின் தங்கை அப்போது கைக்குழந்தை. காப்பகத்தில் வேறொரு பிள்ளைக்கும் பால் கொடுத்தாராம்.

“எந்தப் புள்ளைன்னு கேட்டா, ‘பொம்பளப் புள்ளதான், பேரு ஞாபகம் இல்ல’ங்கிறாங்க. எத்தனை தடவைன்னும் தெரியல. சயீத் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்காரு மிஸ்.”

“அலமாக்! ஞாபகத்த நம்பியா கல்யாணம் பண்றது? அதுக்குத்தானே நோட்டு எழுதி வெச்சிருக்காங்க,” என்றார் மீரா பீவி.

யோகேஸ்வரி பச்சை அட்டை போட்ட நீள நோட்டைத் திறந்து, நஜ்வா பக்கம் திருப்பினாள்.

“பாருங்க. இதுல ஒரு பேரு கூட கிடையாது. பிள்ளைக்குத் தொட்டில் எண். பால் குடுத்தவங்களுக்கு ஒரு எண். தேதி, நேரம், வயிறு நெறைஞ்சுதா இல்லையா. பேரெல்லாம் வேற நோட்டுல, வேற பீரோவுல இருக்கு.”

“ஏன் அப்படிப் பிரிச்சு வெக்கணும்?”

“பின்னால யாரும் ‘நான் உனக்குப் பால் குடுத்தவ’ன்னு சொல்லிக்கிட்டு உங்க வாசல்ல வந்து நிக்கக்கூடாது. நீங்களும் யாரு முன்னாடியும் கூனிக் குறுகக்கூடாது. அதனால யாரும் வெளிய சொல்றதில்லன்னு பேசி வெச்சிருந்தாங்க. ஆனா கல்யாணம்னு வந்தா உறவு மறைஞ்சு போகவும் கூடாது. நீங்க கையெழுத்துப் போட்டா மட்டும் ரெண்டாவது நோட்டத் திறக்கலாம்.”

சொல்லும்போதே யோகேஸ்வரிக்கு மெய்சிலிர்த்தது. இந்த நோட்டை எழுதச் சொல்லி மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லை. வேலை இடைவேளையில், தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்கள் கோடு பிசகாமல் எழுதியிருக்கிறார்கள். தொட்டிலில் கிடக்கும் பெண் ஒருநாள் மணப்பெண்ணாக வந்து கேட்பாள் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்!

“நீங்க கொண்டுவந்த காப்பகச் சீட்டுப்படி நீங்க நாலாம் தொட்டில்,” என்று விரலை வரிவரியாக இறக்கினாள். “மூணாம் எண், ஒரே ஒரு தடவை. பன்னெண்டாம் எண், அதுவும் ஒரு தடவை. இவங்க ரெண்டு பேரும் கணக்குல வரமாட்டாங்க. மிச்சமெல்லாம் ஏழு... ஏழு... ஏழு...”

மூன்று பேரும் சேர்ந்து எண்ணினார்கள். நாற்பத்து மூன்று தடவை.

“யா அல்லாஹ்!” என்று நஜ்வா வாயைப் பொத்திக்கொண்டாள். “அந்த ஏழு சயீத் அம்மாவா இருந்தா?”

மீரா பீவி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நோட்டின் ஓரத்தைத் தட்டினார். “இது என்னா, இன்னொரு கட்டம்? ‘சொந்தப் பிள்ளைக்குக் கொடுத்தாயிற்றா?’ எல்லாத்துலயும் சரி போட்டிருக்கு. இந்த ரெண்டு நாள் மட்டும் காலியா கிடக்கு.”

“அந்த ரெண்டு நாளும் நாலாம் தொட்டிலுக்குக் காய்ச்சல்னு எழுதியிருக்கு மீராக்கா. மொதல்ல இவங்களுக்குக் குடுத்திருக்காங்க.”

“பெத்த புள்ள பசியில கத்தியிருக்கும், பாவம். என்னா மனசுலா அந்தப் பொம்பளைக்கு!”

நஜ்வா கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது பீரோவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அதிகாரியிடம், ஒன்று உதவியாளரிடம். இருவரும் சேர்ந்துதான் திறக்க முடியும். உள்ளே ஒரு சின்ன நோட்டு. மையத்தின் வழக்கப்படி அதிகாரி மட்டுமே படிக்கலாம் என்பதால் மீரா பீவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

யோகேஸ்வரி ஏழாம் எண்ணுக்கு வந்தாள். பெயர், தகப்பன் பெயர், வேலை, விலாசம். படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

“மிஸ்?” என்றாள் நஜ்வா. “அவங்கதானா? பரவால்ல, சொல்லிடுங்க. நான் சயீத்கிட்ட சொல்லிக்கிறேன்.”

“என்னா யோகா, வாயத் தொறயேன்லா! புள்ள மயங்கி விழுந்திடும் போல இருக்கு.”

யோகேஸ்வரி எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். நஜ்வாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“சயீதத் தாராளமா கட்டிக்கோ,” என்றாள். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது. “என் கூடப் பொறந்த அண்ணன் ஒருத்தர் இருக்காரு, வசந்தன்னு. அவரத்தான் உன்னால கட்டிக்க முடியாது.”